நாளந்தாவில் கடைசியாகப் பதிவான வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

## எந்த நிகழ்வு, எதற்காக

நாளந்தா என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் நிறைந்த வளாகம் ஒன்று, பற்றி எரியும் நூலகம் இன்னொன்று. முதல் காட்சிக்கு 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணிகள் சாட்சி. இரண்டாவது, 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்படுவது. அத்தோடு நாளந்தா முடிந்துவிட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

முடியவில்லை. 1234 முதல் 1236 வரை மகதத்தில் தங்கிப் படித்த திபெத்தியத் துறவி ஒருவர் நாளந்தாவுக்குப் போனார். அங்கே 90 வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவரும், ஏறத்தாழ 70 துறவிகளும் இருந்தார்கள். பாடம் நடந்துகொண்டிருந்தது. வந்தவரும் அதில் சேர்ந்துகொண்டார். படிப்பு நடக்கும்போதே படைவீரர்கள் தேடி வந்தார்கள். ஆசிரியர் தப்பினார். படிப்பும் தொடர்ந்தது.

இந்த ஆய்வு அந்த ஒரு நிகழ்வைப் பற்றியது. ஒரு கல்வி நிறுவனம் அழியும்போது எது போகிறது, எது தப்புகிறது, அதை யாருடைய எந்த முடிவு தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டும் பதிவை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஓலைச்சுவடிகளையோ, ஒரு சிறு நூலகத்தையோ, நலிந்துவரும் பாடசாலையையோ பொறுப்பில் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நிகழ்வில் நேரடியாகப் பங்குகொண்டவர்களைப் பெயர் சொல்லாமல் ஆசிரியர், மாணவர், புரவலர், தளபதி என்று அவரவர் இருந்த நிலையால் மட்டும் குறிப்பிடுகிறேன். அவர்கள் செய்தவற்றை மகான்களின் கதையாகப் படிக்காமல், நெருக்கடியில் நின்ற மனிதர்கள் எடுத்த முடிவுகளாகப் பார்க்க அது உதவும். பின்னணியில் வரும் அரசர்களும் அறிஞர்களும் பெயரோடு வருகிறார்கள்.

சான்று எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் ஊர் திரும்பிச் சொன்னதை அவருடைய சீடர் ஒருவர் எழுதிவைத்தார். அந்த வாழ்க்கைக் குறிப்பு பல நூற்றாண்டுகள் திபெத்திலேயே கிடந்தது. திபெத்துக்குப் போய்ச் சுவடிகள் தேடிய இந்திய அறிஞர் ராகுல சாங்கிருத்தியாயன் அங்கே கண்டெடுத்த பிரதி வழியாக இந்தியாவுக்கு வந்து, 1959இல் பட்னாவில் ஆங்கில மொழிபெயர்ப்பாக அச்சேறியது. சீடர் எழுதியது என்பதால் குருபக்தி தூக்கலாக இருக்கும். ஆனால் கட்டடங்களின் நிலை, ஆட்களின் எண்ணிக்கை, யார் சோறு போட்டார்கள் என்பது போன்ற விஷயங்களில் அது ஆச்சரியப்படும் அளவுக்கு நேரடியாகப் பேசுகிறது.

## பின்னணி: சோறு எங்கிருந்து வந்தது

5ஆம் நூற்றாண்டில், குப்த அரசன் முதலாம் குமாரகுப்தன் காலத்தில் தொடங்கிய மடம் நாளந்தா. அதன் பாடத்திட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமானது அதன் வரவு செலவு.

7ஆம் நூற்றாண்டில் அங்கே படித்த யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, 100 ஊர்களின் வருவாய் மடத்துக்கு விடப்பட்டிருந்தது என்கிறது. ஊர் மக்கள் அரிசி, பால், வெண்ணெய் எல்லாம் அன்றாடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாணவன் பிச்சைப் பாத்திரத்தோடு அலைய வேண்டியதில்லை, உட்கார்ந்து படித்தால் போதும். அவருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்த இட்சிங் எழுதும்போது ஊர்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியிருந்தது. துறவிகள் 3,000 பேருக்கு மேல் என்கிறார். வாழ்க்கை வரலாறு சொல்லும் 10,000ஐவிட இட்சிங்கின் கணக்கு நம்பத் தகுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவே அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய எண்.

இட்சிங் நேரம் பார்க்கும் முறையையும் விவரிக்கிறார். பெரிய செப்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதன்மேல் அடியில் ஊசித்துளையிட்ட ஒரு செப்புக் கிண்ணம். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கியதும் முரசு ஒலிக்கும். ஒவ்வொரு முழுக்குக்கும் எத்தனை அடி என்று கணக்கு உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளவும் அடிக்கவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் வேறு வேலை பார்க்காமல் இதையே செய்ய, யாரோ சோறு போட வேண்டும். நாளந்தாவில் ஒவ்வொரு சின்ன ஏற்பாட்டுக்குப் பின்னாலும் அந்த ஊர்களின் நெல் இருந்தது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றை இங்கே சொல்லலாம். யுவான் சுவாங்கின் ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர், காஞ்சிபுரத்துக்காரர். காஞ்சியிலிருந்து போனவரின் மாணவரிடம் சீனாவிலிருந்து வந்தவர் படித்தார். அவர் 645இல் சீனத் தலைநகருக்குத் திரும்பியபோது 657 நூல்களைக் கொண்டுபோனார். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

9ஆம் நூற்றாண்டில் பால வம்சத்து அரசன் தேவபாலன் வெளியிட்ட செப்பேடு ஒன்று நாளந்தாவிலேயே அகழ்வில் கிடைத்தது. சுவர்ணத்வீபத்து (சுமாத்திரா) அரசன், சைலேந்திர வம்சத்துப் பாலபுத்திரதேவன், அங்கே ஒரு விகாரை கட்டினான். அதற்காக அவன் கேட்டுக்கொண்டபடி தேவபாலன் ஐந்து ஊர்களைக் கொடுத்தான். வருவாயை எதற்கெல்லாம் செலவிட வேண்டும் என்றும் ஏடு சொல்கிறது: வழிபாடு, துறவிகளின் உணவு, உடை, படுக்கை, நோயாளிக்கு மருந்து, சிதைந்தால் பழுதுபார்ப்பு, நூல்களைப் படியெடுத்தல். இந்தக் கடைசி இனத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். கங்கைச் சமவெளியின் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. படியெடுப்பது நின்றால், எவரும் தீ வைக்காமலே நூலகம் அழியும்.

(இதே சைலேந்திர வம்சத்தார்தான் பிற்பாடு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டினார்கள். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்தான். வெளிநாட்டு அரசன் விகாரை கட்ட, உள்ளூர் அரசன் ஊர் கொடுக்கும் அதே ஏற்பாடு. அந்த விகாரையின் செங்கல் கோபுரம் சிதைந்த நிலையில் 1867 வரை நின்றது.)

இந்த ஏற்பாட்டின் பலமே அதன் பலவீனமும். மடத்துக்கும் பேரரசுக்கும் நடுவே வேறு தாங்கல் இல்லை. ஊர் மக்கள் நெல் கொடுத்தது அரசன் கட்டளையால்தான். அவர்கள் பிள்ளைகள் அங்கே எழுத்துப் படிப்பதற்காகக் கொடுத்ததல்ல.

தீ நாளந்தாவுக்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாம் மகிபாலனின் 11ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, தீயில் அழிந்த கட்டடத்தை ஒருவர் திரும்பக் கட்டியதைச் சொல்கிறது. அகழ்வில் ஒரே மடத்தின் கீழ் ஒன்பது அடுக்குகள் வரை குடியிருப்புத் தளங்கள் தெரிந்தன. எரிந்தது, இடிந்தது, மேலேயே திரும்பக் கட்டினார்கள். அகழ்வில் கிடைத்த கருகிய அரிசியை இன்றும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நாளந்தா தீயிலிருந்து மீண்டுகொண்டே இருந்தது, ஏனென்றால் திரும்பக் கட்டப் பணமும் ஆளும் இருந்தன.

12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பாலர் ஆட்சி முடிந்தது. வங்கத்தில் அடுத்து வந்த சேனர்களின் ஆதரவு பெரும்பாலும் வைதிக, சைவ, வைணவ நிறுவனங்களுக்கே போனது. 1200ஐ ஒட்டி துருக்கியப் படைத்தலைவர் பக்தியார் கில்ஜியின் குதிரைப்படை மகதத்துக்குள் வந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், படையெடுப்பில் கலந்துகொண்டவரிடம் 1243 வாக்கில் நேரில் கேட்டு எழுதியதில் ஒரு செய்தி வருகிறது. பிகார் என்ற ஒரு கோட்டையைப் பிடித்தார்கள், உள்ளே இருந்த மொட்டையடித்தவர்களை எல்லாம் கொன்றார்கள், ஏராளமான நூல்கள் கிடைத்தன, அவற்றில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவர்கூட உயிரோடு இல்லை, அது கோட்டையல்ல, கல்விச்சாலை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அந்த இடம் நாளந்தாவுக்கு அருகிலிருந்த ஓதந்தபுரி, இன்றைய பிகார் ஷெரீஃப், என்று அறிஞர்கள் பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள். நாளந்தாவின் பெயர் அதில் இல்லை. மாதக்கணக்கில் எரிந்த நூலகம் என்ற செய்தியும் அதில் இல்லை.

இதைச் சொல்வதால் கொலையின் கொடுமை குறைந்துவிடாது. என்ன நடந்தது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த 35 ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியும்.

## மாணவர் கண்டவை

மாணவர் வெறும் யாத்திரிகர் அல்ல. சமஸ்கிருதம் அறிந்தவர், நேபாளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி இந்திய ஆசிரியரிடம் படித்தவர். அவர் குடும்பத்தில் முன்பே ஒருவர் இந்தியாவுக்கு வந்து போயிருந்தார். எனவே எது எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

போகும் வழியிலேயே நிலைமை புரிந்துவிட்டது. மகதப் பகுதியின் இன்னொரு பெரிய மடமான விக்கிரமசீலா தரைமட்டமாகி, அதன் அடித்தளக் கற்கள்கூடக் கங்கையில் தள்ளப்பட்டிருந்ததை அறிந்தார். புத்தகயாவில் நான்கு துறவிகள்தான் இருந்தார்கள். மகாபோதி ஆலயத்தின் மூலச் சிலைக்கு முன்னால் செங்கல் அடுக்கிக் கதவை மூடி, மேலே சாந்து பூசி, அதன்மேல் மகேசுவரனின் உருவத்தை வரைந்து, வெளியே வேறொரு சிலையை வைத்திருந்தார்கள். நான்கு பேர், ஒரு கொத்தனார் வேலை, அவ்வளவுதான். பதற்றத்தில் எடுத்த முடிவுகளில் இவ்வளவு தெளிவானதைப் பார்ப்பது அரிது.

நாளந்தாவில் ஏழு பெரிய கோபுரங்கள் இன்னும் நின்றன. செங்கல் விகாரைகள் 80 வாக்கில் இருந்தன. பெரும்பாலானவை சிதைந்திருந்தாலும் எல்லாமே தரையோடு போய்விடவில்லை. ஆனால் பார்த்துக்கொள்ளவோ காணிக்கை செலுத்தவோ ஆள் இல்லை. புழங்கும் நிலையில் இரண்டு விகாரைகள் மட்டும். அங்கேதான் ஆசிரியரும், இன்னும் நான்கு பண்டிதர்களும், 70 துறவிகளும் இருந்தார்கள்.

இவர்களைத் தாங்கியவர்கள் இருவர். ஒருவர், மகதத்தின் ஒரு பகுதியில் பெயரளவுக்கு ஆண்டுகொண்டிருந்த அரசன் புத்தசேனன். படை வருகிறது என்றால் காட்டுக்குள் போய்விட வேண்டிய நிலையில்தான் அவனே இருந்தான். இன்னொருவர், ஓதந்தபுரியில் குடியிருந்த பிராமண இல்லறத்தார். இவரைத்தான் புரவலர் என்கிறேன். 200 ஊர் நெல் வந்த இடத்துக்கு இப்போது ஒரு நாடிழந்த அரசனும் ஒரு குடும்பமும்.

அந்தப் புரவலரின் ஊரிலேயே துருக்கியப் படைத் தளபதியும் தங்கியிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாடம் என்ன? ஆசிரியர் இலக்கணத்தில் பெயர் பெற்றவர். இலக்கணம் தெரிந்தால் மற்ற நூல்களைத் தானே படித்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம். அந்த இடிபாட்டுக்குள், அந்த வயதில், எதைக் கற்பிப்பது என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால் இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

## எச்சரிக்கை வந்தது

புரவலரைத் தளபதி பிடித்து விலங்கிட்டார். ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் ஆதரவு தந்ததுதான் குற்றம். சிறையில் இருந்தபடியே நாளந்தா பக்கம் போகும் ஆள் ஒருவரிடம் புரவலர் சொல்லியனுப்பினார்: உங்களையும் கொல்லப்போகிறார்கள், ஓடிவிடுங்கள்.

தன் உயிரே ஊசலாடும்போது அவர் செய்த இந்தக் காரியம்தான் முழு நிகழ்விலும் முதல் முடிவு, மிகத் துணிச்சலான முடிவும் அதுவே. அந்தத் தகவல் வராமல் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு விஷயமே இருந்திருக்காது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியரின் முதல் முடிவு: நான் போகவில்லை, நீங்கள் எல்லோரும் போங்கள். 90 வயதுக்கு மேல் ஆகிவிட்டது, நடக்க முடியாது, தன்னோடு இருந்தால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். இதில் தியாகம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. 70 பேரும் பிழைத்தால் 70 பேர் தலையில் இருக்கும் பாடமும் பிழைக்கும். மாணவர்கள் கலைந்து ஓடினார்கள். அதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்கள் உண்டு, நான் ஒப்பமாட்டேன். ஆசிரியர் போகச் சொன்னார், போனார்கள். சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் கூடி நின்று சாவதால் யாருக்கு என்ன லாபம்? ஓதந்தபுரியில் அப்படி நடந்துதான், நூலைப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

திபெத்திய மாணவர் மட்டும் போக மறுத்தார். ஆசிரியர் வற்புறுத்தியும் கேட்கவில்லை. கொன்றாலும் சரி, விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றார். உணர்ச்சியில் எடுத்த முடிவு இது. ஆனால் அது ஆசிரியரின் முடிவை மாற்றியது. என்னை முதுகில் தூக்கிப் போக முடியுமென்றால் வருகிறேன் என்றார் அவர். மாணவர் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, தூண் ஒன்றைச் சுற்றிவந்து, சரி, கிளம்பிவிட்டோம் என்றார்.

அப்புறம் வந்தது ஆசிரியரின் இரண்டாவது முடிவு. என்னைக் கேட்டால் இதுதான் மிகக் கூர்மையானது. எவ்வளவு தூரம் போக முடியும் என்று அவர் கனவு காணவில்லை. தூரம் போக முடியாது என்று ஒப்புக்கொண்டு பக்கத்திலேயே இடம் தேர்ந்தெடுத்தார். தென்மேற்கில் ஞானநாதர் கோயில் ஒன்று இருந்தது. ஓதந்தபுரியில் மசூதி கட்ட அதன் கற்களைப் பெயர்த்துப் போயிருந்தார்கள், சிலையையும் அசுத்தப்படுத்தியிருந்தார்கள். அதில் ஈடுபட்டவர் ஒருவர் அன்று மாலையே வயிற்று வலியில் இறந்ததால் படைவீரர்கள் அந்தப் பக்கம் வரப் பயந்தார்கள் என்கிறது பதிவு. அந்தச் சாவுக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீரர்கள் வரமாட்டார்கள் என்ற உள்ளூர்த் தகவல்தான் இங்கே முக்கியம். ஏற்கெனவே கொள்ளையடித்த இடத்தில் எடுக்க எதுவும் இல்லை என்பதும் கூடுதல் பாதுகாப்பு.

கொண்டுபோனவை: ஒரு சிறு கூடையில் சர்க்கரை, கொஞ்சம் அரிசி, தேர்ந்தெடுத்த சில நூல்கள். முதுகில் ஆள் இருக்கும்போது கையில் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு. சர்க்கரை, அடுப்பு மூட்டாமல் சாப்பிடக் கூடியது. சரி, நூல்கள்? சில. அந்தச் சொல்லில்தான் இந்த நிகழ்வின் பாரம் முழுவதும் இருக்கிறது. அந்த இரண்டு விகாரைகளில் எவ்வளவு சுவடிகள் மிஞ்சியிருந்தாலும், அந்த நாளில் ஒருவர் கையளவுதான் வெளியே வந்தது.

300 வீரர்கள் ஆயுதத்தோடு வந்தார்கள். தேடினார்கள். இருவரும் அகப்படவில்லை. வீரர்கள் திரும்பிப் போனார்கள்.

## பின்னர் நடந்தவை

புரவலர் சில நாள் விலங்கில் இருந்தபின் விடுதலையானார். ஆசிரியரும் மாணவரும் நாளந்தாவுக்கே திரும்பினார்கள், படிப்பு தொடர்ந்தது. வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று அவர்கள் முடிவெடுக்காதது முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால், போக எந்த ஊர் இருந்தது? விக்கிரமசீலா இல்லை, ஓதந்தபுரியில் தளபதி இருக்கிறார், புத்தகயாவின் நிலை மேலே சொன்னது. மாணவர் வந்த வழியில், வடக்கே, நேபாளம் இருந்தது. 90 வயதில் அந்த மலைப்பாதை ஆகாது.

படிப்பு முடிந்ததும் ஆசிரியரே மாணவரைத் திபெத்துக்குப் போகச் சொன்னார். உன் நாடு தொலைவு, எனக்கு வயதாகிவிட்டது, இந்தப் பிறவியில் இனிப் பார்க்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினார். மாணவர் 1236இல் மகதத்தை விட்டுப் புறப்பட்டார். ஊர் திரும்பிக் கற்பித்தார், மொழிபெயர்த்தார், 1264இல் மறைந்தார்.

நாளந்தாவில் இப்படிப் பாடம் நடந்ததை நேரில் கண்டு சொல்லும் விரிவான பதிவுகளில் இதுவே கடைசி. மடம் எந்த நாளில் மூடியது என்று சொல்லும் கல்வெட்டு கிடையாது. ஆட்கள் குறைந்து, கூரை விழுந்து, மண் மூடி, மேலே வயலும் ஊரும் வந்தன. 1860களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் கன்னிங்ஹாம், யுவான் சுவாங் எழுதிய தூரங்களையும் திசைகளையும் வைத்து படகாவ் என்ற ஊருக்குப் பக்கத்து மேடுகள்தான் நாளந்தா என்று அடையாளம் கண்டார். முறையான அகழ்வு 1915இல் தொடங்கியது. 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

## எது தப்பியது, எப்படி

இதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். நாளந்தாவில் எழுதிய நூல்களில் எவை இன்று நம் கையில் இருக்கின்றன என்று பார்த்தால், அவை எல்லாமே ஆபத்து வருவதற்கு முன்போ, ஆபத்தின் நடுவிலோ நாளந்தாவை விட்டு வெளியே போனவை.

யுவான் சுவாங் கொண்டுபோன 657 நூல்களில் ஒரு பகுதியை அவரே சீனத்தில் மொழிபெயர்த்தார். இட்சிங் ஏறத்தாழ 400 நூல்களைக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் நாளந்தாவின் சாந்தரட்சிதர் திபெத்துக்குப் போய் சம்யே மடத்தை நிறுவ உதவினார். 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீலாவிலிருந்து அதீசர் போனார். இந்திய நூல்களின் திபெத்திய மொழிபெயர்ப்புத் தொகுதியான தெங்யூரில் 3,000க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அவற்றில் பலவற்றின் சமஸ்கிருத மூலம் இன்று எங்கேயும் இல்லை.

மகதம் எரிந்துகொண்டிருந்தபோது எடுத்த முடிவும் ஒன்று உண்டு. சாக்கியஸ்ரீபத்திரர் என்ற பேரறிஞர் 1204இல் சிறு பண்டிதர் குழுவோடு திபெத்துக்குப் போனார். பத்தாண்டு அங்கே இருந்தார். பௌத்தத் தத்துவ அறிஞர் தர்மகீர்த்தியின் தர்க்க நூல்களை அங்குள்ளவர்களுக்கு நேரில் பாடம் சொன்னார். அவரோடு போன விபூதிசந்திரர் தம் கையால் எழுதிய சுவடி, தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகத்துக்கு மனோரதநந்தி செய்த உரை, திபெத்திய மடத்தில் 700 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 1930களில் சாங்கிருத்தியாயன் கண்ணில் பட்டது. இந்தியத் தத்துவத்தின் ஆகப் பெரிய நூல்களில் ஒன்று தன் சொந்த மொழியில் திரும்பி வந்தது இப்படிப்பட்ட சுவடிகளால்தான்.

நாளந்தாவிலேயே எழுதிய ஓலைச்சுவடிகளும் சில உள்ளன. ராமபாலனின் 15ஆம் ஆட்சியாண்டில் அங்கே எழுதிய பிரஜ்ஞாபாரமிதை என்ற பௌத்த நூலின் சுவடி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1073இல் எழுதிய இன்னொன்று 1151இல் பழுதுபார்க்கப்பட்டு, பின் திபெத்துக்குப் போய், இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. அந்தச் சுவடி 78 ஆண்டில் ஒருமுறை பழுதுபார்க்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். தேவபாலன் ஏட்டில் அந்தச் செலவினம் இருந்ததன் காரணம் இதுதான்.

எதிர்பாராத ஒரு காப்பகமும் உண்டு. சாந்தரட்சிதரின் தத்துவசங்கிரகம் மூலமும் கமலசீலரின் உரையும் குஜராத்தில் பாட்டன் நகரத்துச் சமண பண்டாரத்திலிருந்து (சுவடி நூலகம்) கிடைத்து 1926இல் அச்சாயின. சமணக் கொள்கைகளை மறுத்துப் பேசும் பகுதிகளும் அந்நூலில் இருக்கின்றன. மறுப்பு எழுத வேண்டுமானால் எதிராளியின் நூல் கையில் வேண்டும் என்று சமணர்கள் படியெடுத்து வைத்தார்கள். பௌத்த மடம் காக்க முடியாததை அவர்கள் காத்துக் கொடுத்தார்கள். அந்த நேர்மைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள்.

## என்ன மாறியிருக்கலாம்

எச்சரிக்கை வந்த அந்த நாளில் இதைவிட நன்றாக யாரும் எதையும் செய்திருக்க முடியாது. புரவலர், ஆசிரியர், மாணவர் மூவரின் முடிவுகளும் அவரவர் கைக்கு எட்டிய அளவில் சரியானவை. மாற வேண்டியது அதற்கு முந்தைய 35 ஆண்டுகள்.

1200க்கும் 1235க்கும் இடையே ஓதந்தபுரி விழுந்தது, விக்கிரமசீலா போனது என்று நாளந்தாவில் எல்லோருக்கும் தெரியும். சுவடிகளை வடக்கே அனுப்ப நேபாளம் இருந்தது, அங்கே இந்தியப் பண்டிதர்களும் இருந்தார்கள். 70 பேரில் ஆளுக்கு ஒரு கட்டுச் சுவடியை முன்கூட்டியே ஒப்படைத்து, கிளம்பச் சொன்னால் இதை எடுத்துக்கொண்டு இன்ன இடத்துக்குப் போ என்று ஏற்பாடு இருந்திருந்தால், அன்று வெளியே போனது கூடையளவாக இருந்திருக்காது. புத்தகயாவின் நான்கு பேர் செங்கலும் சாந்தும் வைத்துச் செய்ததைப் போல, சுவர் வைத்து மூடிய ஓர் அறைகூடச் சாத்தியம்தான்.

இன்று சுவடியோ பழைய ஆவணமோ வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால், டிஜிட்டல் படம் எடுப்பதை எல்லோரும் சொல்வார்கள், அது சரியே, ஆனால் அந்தப் படங்களும் அதே கட்டடத்து அலமாரியில் இருந்தால் அது இன்னொரு கூடை மட்டும்தான் என்பேன். பிரதி வேறு ஊரில், வேறு நிர்வாகத்தின் கையில், முடிந்தால் உங்களோடு கருத்து ஒத்துப்போகாதவர்களிடமும் இருக்கட்டும். பாட்டன் பண்டாரம் அதற்குச் சாட்சி.

ஆதரவாளர்கள் விஷயத்தில், ஒரே ஒருவரை நம்பியிருக்கும் நிறுவனத்தில் அந்த ஒருவரைத் தொட்டால் போதும். தளபதிக்கு அது தெரிந்திருந்தது, நாளந்தாவுக்குப் படை அனுப்புவதற்கு முன்பே அவர் புரவலரைப் பிடித்தார். பத்துப் பேர் சிறிது சிறிதாகக் கொடுக்கும் பாடசாலையை அப்படி நிறுத்துவது கடினம்.

இன்னொன்று, பட்டியல். திபெத்தில் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரண்மனையில் உள்ள மொழிபெயர்ப்புகளுக்குத் தலைப்பும் அளவும் சேர்த்துப் பட்டியல் எழுதினார்கள். தென்கர்மா என்ற அந்தப் பட்டியலில் 700க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அதை வைத்து அன்று எது இருந்தது, இன்று எது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிகிறது. நாளந்தாவின் நூலகத்துக்கு அப்படி ஒரு பட்டியல் இன்றுவரை கிடைக்கவில்லை. எனவே அங்கே என்னென்ன நூல் அழிந்தது என்ற கேள்விக்கு, வேறு ஊர்களில் வந்த மேற்கோள்களையும் மொழிபெயர்ப்புகளையும் கூட்டிப் பார்த்து ஊகிப்பதைத் தவிர வழியில்லை. படியெடுக்க ஆண்டுகள் ஆகும். ஒரு அலமாரிக்குப் பட்டியல் எழுத ஒரு வாரம் போதும், அதன் ஒரு நகல் ஊருக்கு வெளியே போக ஒரு தபால் போதும். முதலில் அதைச் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை.